ஜேவி பேஸ்பாலில் யார் ஆட வேண்டும்?

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன், தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் திருத்துங்கள். மகன் நியூ ஜெர்சியில் ஒன்பதாம் வகுப்பு. பள்ளியின் ஜூனியர் வார்சிட்டி பேஸ்பால் அணியில், அதாவது ஜேவியில், இடம் கிடைத்திருக்கிறது. இதுவரை எட்டு ஆட்டம், அதில் ஏழு வெற்றி. ஆனால் மகன் ஆடியது இரண்டே ஆட்டம். மற்ற நாட்களில் பெஞ்சில் உட்கார்ந்து ஸ்கோர் புக் எழுதுகிறான். கோச் ஏறக்குறைய அதே ஒன்பது பேரையே இறக்குகிறார். "ஜேவி கற்றுக்கொள்வதற்கான இடம் என்றார்கள், அப்புறம் எதற்கு இப்படி ஜெயிக்கப் பார்க்கிறார்? ஜெயிக்கிற அணியைக் கலைக்கச் சொன்னால் நான் சுயநலக்காரன் ஆகிவிடுவேனா?" என்று கேட்டிருக்கிறீர்கள். கோச் செய்வது சரியா என்ற கேள்வியும் இதில் இருக்கிறது, பையன் பின்தங்கிவிடுவானோ என்ற பயமும் இருக்கிறது. இரண்டுக்கும் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

நான் யார் என்பதையும் சொல்லிவிடுவது நல்லது. கோயம்புத்தூரில் கல்லூரி வரை கிரிக்கெட் ஆடியவன். பேஸ்பாலை முப்பது வயதுக்கு மேல், மகனோடு சேர்ந்துதான் கற்றுக்கொண்டேன். முதலில் ஸ்கோர் புக் பிடிக்கப் போனேன், பிறகு பயிற்சியில் பந்து பொறுக்கிப் போட்டேன், அப்படியே உதவி கோச், கடைசியில் ஒரு பொதுப் பள்ளியின் ஜேவி அணிக்கு ஒன்பது வருடம் கோச். வார்சிட்டி அணியை நான் நடத்தியதில்லை. கல்லூரி அளவில் பேஸ்பால் ஆடியதும் இல்லை. ஆகவே பதினான்கு, பதினைந்து வயதுப் பையன்களைப் பற்றி நான் சொல்வதை நம்பலாம். அதற்கு மேலே உள்ளதற்கு வேறு ஒருவரையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்த ஏற்பாடு தெரியாத வாசகர்களுக்காக: அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் முதல் அணி வார்சிட்டி, பெரும்பாலும் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள். அதற்கு அடுத்தது ஜேவி, ஒன்பதும் பத்தும். பெரிய பள்ளிகளில் ஒன்பதாம் வகுப்புக்கென்றே ஒரு அணி இருக்கும். ஆட்டம் ஏழு இன்னிங்ஸ். வார்சிட்டிக்கு மாநிலப் போட்டி, கோப்பை எல்லாம் உண்டு. ஜேவிக்குப் பொதுவாக அப்படி எதுவும் கிடையாது. பல ஆட்டங்களுக்கு ஒரே ஒரு அம்பயர்தான் வருவார். பஸ் தாமதமாக வந்தால் ஐந்து இன்னிங்ஸில் இருட்டிவிடும், அத்தோடு முடித்துக்கொள்வோம். நான் கோச்சாக இருந்தபோது எந்த வருடம் எத்தனை ஜெயித்தோம் என்று இப்போது அந்தப் பள்ளியில் போய்க் கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. எனக்கே இரண்டு வருடக் கணக்குதான் ஞாபகம் இருக்கிறது.

வேலிக்கு வெளியே நின்று பார்க்கிறவர்களுக்குத் தெரியாத ஒன்றும் உண்டு. ஜேவி அணி ஜேவி கோச்சின் சொத்து அல்ல. மதியம் பன்னிரண்டு மணிக்கு வார்சிட்டி கோச்சிடமிருந்து செய்தி வரும்: "உன் இடதுகை பிட்சரை (பந்து எறிபவனை) இன்றைக்கு என்னிடம் அனுப்பு." இல்லாவிட்டால், "அவனைத் திங்கட்கிழமை எறிய விடாதே, புதன்கிழமை எனக்கு வேண்டும்." முந்தின இரவு உட்கார்ந்து எழுதிய லைன்அப், அதாவது ஆடுபவர் பட்டியல், அத்தோடு போயிற்று. சில வருடங்களில் மார்ச் மாதமே சொல்லிவிடுவார்: "இந்த ஷார்ட்ஸ்டாப்பும் இந்த செகண்ட் பேஸ்மேனும் (செகண்ட் பேஸின் இரு பக்கமும் நிற்பவர்கள்) அடுத்த வருடம் எனக்குச் சேர்ந்து ஆடப்போகிறவர்கள், பிரிக்காதே." அதனால், உங்கள் மகனின் கோச் அதே ஒன்பது பேரை இறக்குவதற்கு ஜெயிக்கும் வெறிதான் காரணம் என்று எடுத்த எடுப்பில் முடிவுகட்ட வேண்டாம். அந்த ஒன்பதில் இரண்டு மூன்று இடங்கள் அவர் கையிலேயே இல்லாமல் இருக்கலாம். ஆனால் ஒன்பதும் அப்படி இருக்காது.

இனி என் கருத்து. யார் ஆடுவது என்பதை ஆட்டத்துக்கு முந்தின நாளே, பையன்களின் வளர்ச்சியைப் பார்த்து முடிவுசெய்துவிட வேண்டும். முடிவான பிறகு, களத்தில் இருக்கிறவர்கள் அன்றைய ஆட்டத்தை ஜெயிக்கத்தான் ஆட வேண்டும். கோச் ஆட்டத்தின் நடுவில் ஸ்கோரைப் பார்த்து, "இன்றைக்கு நெருக்கமாகப் போகிறது, அவனை அப்புறம் இறக்கலாம்" என்று நினைக்க ஆரம்பித்தால் அந்த 'அப்புறம்' வரவே வராது. நெருக்கமான ஆட்டம் எல்லா வாரமும் வரும். முதல் இரண்டு வருடம் நான் செய்ததும் இதுதான். மே மாதக் கடைசியில் ஸ்கோர் புக்கைக் கூட்டிப் பார்த்தால், ஒருநாள் விடாமல் பயிற்சிக்கு வந்த ஒரு பையன் பருவம் முழுக்கப் பதினொரு இன்னிங்ஸ்தான் களத்தில் நின்றிருக்கிறான். அவன் ஒரு வார்த்தை முறையிட்டதில்லை. முறையிடாதவனைத்தான் எல்லாரும் மறந்துவிடுகிறோம்.

மூன்றாவது வருடம் ஒரு நோட்டில் கணக்குப் போட்டேன். 20 ஆட்டம், ஆட்டத்துக்கு 7 இன்னிங்ஸ், களத்தில் 9 பேர், பெருக்கினால் 1260. அணியில் 15 பேர். சமமாகப் பிரித்தால் தலைக்கு 84 இன்னிங்ஸ் வரும். சமமாகப் பிரிப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. பயிற்சியில் உயிரைக் கொடுக்கிறவனுக்கும், தண்ணீர் குடிக்கப் போனால் இருபது நிமிடம் திரும்பாதவனுக்கும் ஒரே பங்கு என்றால் பையன்களே சிரிப்பார்கள். ஆனால் யாராக இருந்தாலும் 45 இன்னிங்ஸ் கட்டாயம் என்று வைத்துக்கொண்டால் 675 போகிறது, மீதி 585 இன்னிங்ஸ் திறமைக்கும் உழைப்புக்கும் பங்கு போடக் கிடைக்கிறது. தாராளமாகப் போதும். இந்த 45 எந்த விதிப் புத்தகத்திலும் இல்லை, நானாக வைத்துக்கொண்டது. உங்கள் மகனுக்கு எட்டு ஆட்டத்தில் இரண்டு என்றால் 14 இன்னிங்ஸ். இதே வேகத்தில் போனால் பருவம் முடியும்போது 35. என் கணக்கில் இது குறைவு. அநியாயம் என்று சொல்லும் அளவுக்கு இல்லை, கேட்கலாம் என்று சொல்லும் அளவுக்கு இருக்கிறது.

கட்டாயப் பங்கு எதற்கு என்று வார்சிட்டி கோச் ஒருமுறை என்னிடம் கேட்டார். பேட்டிங்கை வைத்துப் பதில் சொன்னேன். ஏழு இன்னிங்ஸ் ஆட்டத்தில் ஒருவனுக்கு மூன்று முறை பேட்டிங் வரும். முதல் முறை பிட்சரைப் பார்க்கிறான், இரண்டாவது முறை நேரத்தைப் பிடிக்கிறான், மூன்றாவது முறை அடிக்கிறான். பெஞ்சில் இருப்பவனுக்கு வாரத்துக்கு ஒரு முறை, அதுவும் ஏப்ரல் குளிரில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து எழுந்து வந்து, மூன்று ஸ்ட்ரைக், அவுட். உடனே டக்அவுட்டில் (அணி உட்காரும் இடத்தில்) ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வோம், "பார்த்தீர்களா, இதனால்தான் இவனை இறக்குவதில்லை." இது பரீட்சையே அல்ல. படிக்கப் புத்தகம் கொடுக்காமல் மதிப்பெண் போடுகிற மாதிரி.

இன்னொரு காரணமும் உண்டு. அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளி பேஸ்பால் ஆடுகிறவர்கள் சுமார் 4.8 லட்சம் பேர். அதில் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பான என்சிஏஏவின் கல்லூரி அணிகளுக்குப் போகிறவர்கள் சுமார் 7 சதவீதம்தான். அவ்வளவு தூரம் போவானேன், ஜேவியில் இருக்கும் 15 பேரில் சிலருக்கு வார்சிட்டியே கிடைக்காது. அவர்களுக்கு இதுதான் கடைசி பேஸ்பால். அந்தக் கடைசி வருடத்தைப் பெஞ்சில் உட்கார வைத்து முடித்து அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. இது வாதம் இல்லை, என் மனசு, அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது ஜெயிப்பதைப் பற்றி. ஜேவியில் ஜெயிப்பதற்குச் சில குறுக்கு வழிகள் உண்டு. ஒன்றுமே கற்றுத்தராத வழிகள், ஆனால் சொன்னபடி பலிக்கும். இந்த வயதில் பாதி பிட்சர்களுக்கு ஸ்ட்ரைக், அதாவது அடிக்கத்தக்க இடத்துக்குள் வரும் பந்து, எறிய வராது. ஆகவே சின்னப் பையனிடம், "மட்டையைத் தோளிலிருந்து எடுக்காதே" என்று சொல்லிவிட்டால் வாக் கிடைத்துவிடும், அதாவது நான்கு பந்து தவறாக வந்தால் அடிக்காமலே முதல் பேஸ். பேட்ஸ்மேன் நிற்கும் ஹோம் ப்ளேட்டிலிருந்து செகண்ட் பேஸுக்கு 127 அடி. பேட்ஸ்மேனுக்குப் பின்னால் உட்காரும் கேட்சர்களில், ஜேவியில், பலருக்கு அந்தப் பந்து தரையில் இரண்டு முறை பட்டுத்தான் போகும். ஆகவே முதல் பேஸுக்குப் போனவன் அடுத்த பந்திலேயே செகண்டுக்கு ஓடுவான், அதற்கடுத்த பந்தில் தேர்டுக்கு. கேட்சர் ஒரு பந்தை விட்டால் ரன். ஒரு அடி கூட அடிக்காமல் ஆறு ரன் எடுத்த இன்னிங்ஸை நானே பார்த்திருக்கிறேன், நானே எடுத்தும் இருக்கிறேன். பெற்றோர்கள் கைதட்டினார்கள். அந்த மட்டையைத் தோளில் வைத்திருந்த பையன் பத்தாம் வகுப்பு முடியும்வரை அப்படியே இருந்தான். வார்சிட்டி பிட்சர் ஸ்ட்ரைக் எறிவான். அங்கே அவனுக்கு வேலை இல்லாமல் போயிற்று.

பிட்சிங்கிலும் இதே கதைதான். பதினான்கு வயதில் கொஞ்சம் வளைகிற கர்வ்பால் எறியத் தெரிந்தவன் ஜேவியில் ராஜா. எதிரில் நிற்கிறவர்கள் தலைக்கு வருகிறது என்று பயந்து விலகுவார்கள், பந்து வளைந்து ஸ்ட்ரைக் ஆகும். கோச்சுக்கு ஜெயிக்க வேண்டுமானால் கேட்சரிடம் இரண்டு விரலை, அதாவது கர்வ்பாலுக்கான சைகையை, காட்டிக்கொண்டே இருக்கலாம். ஆனால் அவன் நேராக வேகமாகப் போகும் ஃபாஸ்ட்பாலை வெளி மூலையில் போடக் கற்றுக்கொள்ளவே மாட்டான், ஏனென்றால் தேவைப்படவில்லை. நான் ஒரு விதி வைத்திருந்தேன்: ஒவ்வொரு பேட்ஸ்மேனுக்கும் முதல் பந்து ஃபாஸ்ட்பால், மூன்று பந்தில் இரண்டு ஃபாஸ்ட்பால். அதனால் சில ஆட்டங்களைத் தோற்றோம், சந்தேகமே இல்லை. ஓர் அப்பா ஒவ்வொரு அடிக்கும் வேலியைத் தட்டிக்கொண்டிருந்தார்.

அதற்காக, தோற்றாலும் பரவாயில்லை என்கிற கட்சி நான் இல்லை. அந்தக் கட்சியையும் பார்த்திருக்கிறேன். எல்லாரையும் எல்லா இடத்திலும் சுழற்றி, யார் எங்கே நிற்கிறார்கள் என்று அவர்களுக்கே தெரியாமல், 15-2 என்று தோற்று, "முக்கியம் கற்றுக்கொள்வதுதான்" என்று சொல்கிற அணிகள். யாரும் எதுவும் கற்றுக்கொள்வதில்லை. பிட்சர் வாக் மேல் வாக் கொடுக்கிறான், மற்ற எட்டுப் பேர் நாற்பது நிமிடம் நின்று கால் மாற்றுகிறார்கள், ஒரே பந்தில் இருவரை அவுட்டாக்கும் டபுள் ப்ளே எடுக்கச் சந்தர்ப்பமே வராது. ஒரு ரன் வித்தியாசத்தில், ஏழாவது இன்னிங்ஸில், தேர்ட் பேஸில் ஆள் இருக்கும்போது தரையில் வருகிற பந்தைப் பிடிப்பது வேறு. பயிற்சியில் பிடிப்பது வேறு. அந்த நெஞ்சு அடிப்பைக் கற்றுக்கொள்ள ஆட்டம் ஜெயிக்கக்கூடியதாக இருக்க வேண்டும், எல்லாரும் ஜெயிக்க விரும்பவும் வேண்டும். அதனால் உங்கள் மகனின் அணி 7-1 என்பதைக் குறையாக நினைக்காதீர்கள். அந்தச் சூழலில் அவனுக்கு 14 இன்னிங்ஸ் மட்டும் கிடைப்பதுதான் பேச வேண்டியது.

இரண்டையும் சேர்த்துக்கொள்ள விதியிலேயே ஒரு வழி இருக்கிறது, பெற்றோர்கள் பலருக்குத் தெரியாது. தேசிய உயர்நிலைப் பள்ளிக் கூட்டமைப்பான என்எஃப்எச்எஸ் விதிப்படி, ஆட்டத்தைத் தொடங்கியவன் வெளியே போனால் ஒருமுறை திரும்பி வரலாம், அதே பேட்டிங் இடத்துக்கு. மாற்றாக வந்தவன் வெளியே போனால் திரும்ப முடியாது. தொழில்முறை ஆட்டமான மேஜர் லீக்கில் இந்தச் சலுகை கிடையாது, போனால் போனதுதான். ஆகவே நல்ல ஷார்ட்ஸ்டாப்பை முதலில் இறக்கி, மூன்று முதல் ஐந்து வரை பெஞ்சுப் பையனை ஆடவிட்டு, ஆறாவது இன்னிங்ஸில் பழையவனைத் திரும்பக் கொண்டுவரலாம். நிறைய கோச்சுகள் செய்வது இதுதான், கெட்ட வழி இல்லை. எனக்கு இதில் ஒரு குறை: பெஞ்சுப் பையன் எப்போதும் நடு இன்னிங்ஸ்காரனாகவே இருந்துவிடுவான். தேசிய கீதத்துக்குத் தொப்பியைக் கழற்றிக் களத்தில் நிற்பதும் தெரியாது, கடைசி அவுட் எடுப்பதும் தெரியாது. அதனால் வாரத்துக்கு ஓர் ஆட்டம் தலைகீழாக மாற்றுவேன். பெஞ்சுப் பையன் தொடங்குவான், முடிப்பான். அவனிடம் முந்தின நாளே சொல்லிவிடுவேன். சொன்ன அன்று பயிற்சியில் அவன் பந்து பிடிக்கிற விதமே மாறிவிடும்.

இதுவரை சொன்னதில் என் அபிப்பிராயம்தான் அதிகம். எறிகிற கையைப் பற்றிய விஷயம் அப்படி இல்லை. அங்கே ஜெயிப்பதா வளர்ப்பதா என்ற தராசே கிடையாது. 2017 பருவத்திலிருந்து என்எஃப்எச்எஸ், ஒவ்வொரு மாநிலமும் எறிந்த பந்துகளின் எண்ணிக்கையை வைத்துப் பிட்சர்களுக்கு வரம்பு வைத்தே ஆக வேண்டும் என்று சொல்லிவிட்டது. வரம்பு மாநிலத்துக்கு மாநிலம் வேறு. மேஜர் லீக்கும் நாட்டின் பேஸ்பால் அமைப்பான யுஎஸ்ஏ பேஸ்பாலும் சேர்ந்து வெளியிட்ட பிட்ச் ஸ்மார்ட் வழிகாட்டி 15, 16 வயதுக்குச் சொல்வது இது: ஒரு நாளைக்கு 95 பந்துக்கு மேல் கூடாது, 31 முதல் 45 வரை எறிந்தால் ஒரு நாள் ஓய்வு, 60 வரை இரண்டு நாள், 75 வரை மூன்று நாள், அதற்கு மேல் நான்கு நாள். 13, 14 வயதுக்கு இன்னும் கண்டிப்பு. 21 பந்து எறிந்தாலே ஒரு நாள் ஓய்வு, 66 எறிந்தால் நான்கு நாள். பிட்சராக எறிந்த அதே ஆட்டத்தில் அவனைக் கேட்சராக உட்கார வைக்காதீர்கள் என்றும் சொல்கிறது. கேட்சரும் பந்துக்குப் பந்து எறிகிறவன்தானே.

என் தவறு ஒன்றைச் சொல்கிறேன். பத்தாம் வகுப்புப் பையன், நல்ல உயரம், அமைதியானவன். 45 பந்தில் நிறுத்துவது என்று கையில் பேனாவால் எழுதிக்கொண்டு போனேன். ஐந்தாவது இன்னிங்ஸ் முடிவில் 44. நாங்கள் 4-3 முன்னிலை. எதிரணி மூன்று வருடமாக எங்களைத் தோற்கடித்துக்கொண்டிருந்தது. "இன்னும் ஒரு இன்னிங்ஸ் முடியுமா?" என்று கேட்டேன். முடியாது என்று எந்தப் பதினைந்து வயதுப் பையன் சொல்வான்? ஆறாவதில் இரண்டாவது பேட்ஸ்மேனுக்குப் பிறகு, பந்துக்குப் பந்து கையை இடுப்போரம் தொங்கவிட்டு உதற ஆரம்பித்தான். முழங்கை தோளுக்குக் கீழே இறங்கிவிட்டது. எல்லாப் பந்தும் மேலே மேலே போயின. கேட்சர் எழுந்து என்னைப் பார்த்தான். நான் ஸ்கோர் போர்டைப் பார்த்தேன். 68 பந்து. 4-3 என்றே ஜெயித்தோம். மறுநாள் அவன் பள்ளிப் பையை இடது தோளில் மாட்டிக்கொண்டு வந்தான். அவன் எப்போதும் வலது தோளில் மாட்டுகிறவன். முழங்கையின் உள்பக்கம் தொட்டால் வலி. மருத்துவர் ஆறு வாரம் எறியக் கூடாது என்றார், பருவம் முடிந்துபோயிற்று.

பிறகு விசாரித்ததில் தெரிந்தது, அந்த ஆட்டத்துக்கு முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை, தனிப் பயிற்சியாளர் ஒருவரிடம் அறுபது பந்து எறிந்திருக்கிறான். அவன் சொல்லவில்லை, நான் கேட்கவும் இல்லை. அந்த 60 எந்தக் கணக்கிலும் வராது; அதிகாரபூர்வ எண்ணிக்கை ஆட்டத்தில் எறிந்த பந்துக்கு மட்டும்தான். நான் கூடுதலாக எறியவிட்ட 23 பந்துதான் காரணம் என்று எந்த மருத்துவரும் அடித்துச் சொல்லமாட்டார். ஆனால் அவன் கையை உதறியதை நான் பார்த்தேன், பார்த்தும் நிறுத்தவில்லை.

இதில் எது உறுதி, எது சந்தேகம் என்பதையும் பிரித்துச் சொல்ல வேண்டும். 2006இல் வெளிவந்த ஓர் ஆய்வு, அறுவை சிகிச்சைக்கு வந்த 95 இளம் பிட்சர்களைக் காயமில்லாத 45 பேரோடு ஒப்பிட்டது. கை களைத்த பிறகும் வழக்கமாக எறிந்தவர்களுக்கு அபாயம் 36 மடங்கு, வருடத்தில் எட்டு மாதத்துக்கு மேல் ஆட்டத்தில் எறிந்தவர்களுக்கு 5 மடங்கு என்று வந்தது. அது பழசை ஞாபகப்படுத்திச் சொன்னதை வைத்துச் செய்த ஆய்வு, ஆட்களும் குறைவு. 36 என்ற எண்ணைப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டாம். ஆனால் களைப்போடு எறிவதுதான் முதல் எதிரி என்பதில் இந்தத் துறையில் இப்போது பெரிய கருத்து வேறுபாடு இல்லை. 2011இல் வந்த இன்னோர் ஆய்வு 481 சிறுவர்களைப் பத்து வருடம் தொடர்ந்து பார்த்தது. ஒரு வருடத்தில் 100 இன்னிங்ஸுக்கு மேல் எறிந்தவர்களுக்குப் பெரிய காயம் வரும் வாய்ப்பு 3.5 மடங்கு. அதே ஆய்வில், 13 வயதுக்கு முன் கர்வ்பால் எறிவது கையைக் கெடுக்கும் என்ற பரவலான நம்பிக்கைக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. நான் கர்வ்பாலைக் கட்டுப்படுத்தியது முழங்கைக்காக அல்ல, ஃபாஸ்ட்பாலைக் கற்றுக்கொள்ளட்டும் என்பதற்காக. அந்தக் காலத்தில் பெற்றோர்களிடம் இரண்டையும் சேர்த்துச் சொல்லி மிரட்டியது உண்டு. இன்று அப்படிச் சொல்லமாட்டேன்.

இதைவிடச் சந்தேகமான விஷயம், ஜேவியில் ஜெயித்துப் பழகினால் வார்சிட்டியிலும் ஜெயிப்பார்கள் என்கிற பேச்சு. எல்லா கோச்சும் சொல்வார்கள். நான் ஒன்பது வருடம் பார்த்ததில் இரண்டு விதமாகவும் நடந்தது. என்னிடம் அதிகம் ஜெயித்த குழு மூன்று வருடம் கழித்துச் சுமாராகத்தான் ஆடியது, ஏனென்றால் அவர்கள் ஜெயித்ததே சீக்கிரம் வளர்ந்துவிட்டதால்தான். பதினான்கு வயதில் மீசை வைத்த பையன் பந்தைத் தூரமாக அடிப்பான். பதினேழில் எல்லாருக்கும் மீசை வந்துவிடும். அப்போது யாரிடம் கால் வேகமும் கை சுத்தமும் இருக்கிறதோ அவன் மேலே போவான். உங்கள் பயத்துக்கு இதுதான் பதில். ஒன்பதாம் வகுப்பில் பெஞ்சு என்பது எதையும் தீர்மானிப்பதில்லை. என்னிடம், பந்து அதிகம் வராத ரைட் ஃபீல்டில் ஒளித்து வைக்கப்பட்ட ஒரு குட்டிப் பையன் பதினொன்றாம் வகுப்பில் ஒரு கோடை முடிந்து வந்தபோது என்னைவிட உயரம். கடைசி வருடம் வார்சிட்டியில் சென்டர் ஃபீல்டு ஆடினான். எல்லாருக்கும் இப்படி நடக்கும் என்று சொல்லவில்லை. யாருக்கு நடக்கும் என்று பதினான்கு வயதில் ஒரு கோச்சாலும் சொல்ல முடியாது, அதனால்தான் எல்லாருக்கும் பந்து போக வேண்டும்.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? முதலில் இரண்டு ஆட்டம் ஸ்கோரைப் பார்க்காமல் கோச்சைப் பாருங்கள். ஒருவன் பந்தை விட்டால் உடனே வெளியே இழுக்கிறாரா, அடுத்த இன்னிங்ஸிலும் அங்கேயே நிற்க வைக்கிறாரா? டக்அவுட்டில் யாராவது பிட்ச் எண்ணுகிறார்களா? நேற்று எறிந்தவன் இன்று கேட்சராக உட்கார்ந்திருக்கிறானா? 10-1 முன்னிலையிலும் அதே ஒன்பது பேர் நிற்கிறார்களா? கடைசிக் கேள்விக்கு ஆமாம் என்றால் அவர் மேல் எனக்கும் வருத்தம்தான்; அந்த ஆட்டத்தில் பெஞ்சை இறக்காததற்கு எந்தச் சமாதானமும் கிடையாது.

பிறகு பேச வேண்டியது நீங்கள் அல்ல, மகன். பல பள்ளிகளில் பெற்றோரோடு ஆடும் நேரத்தைப் பற்றிப் பேசக் கூடாது என்று கோச்சுகளுக்கே சொல்லிவைத்திருப்பார்கள். பையன் வந்து கேட்டால் கதை வேறு. ஆட்டம் இல்லாத நாளில், பயிற்சிக்குப் பத்து நிமிடம் முன்னால் போய், "எனக்கு ஏன் வாய்ப்பில்லை?" என்று கேட்காமல், "இன்னும் அதிகம் ஆட நான் எதில் தேற வேண்டும், எந்த இடத்துக்கு என்னை நினைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்கட்டும். என்னிடம் இப்படிக் கேட்டவர்கள் ஒன்பது வருடத்தில் நான்கைந்து பேர். அத்தனை பேருக்கும் அடுத்த வாரமே வாய்ப்புக் கொடுத்தேன். கேட்டதற்காகக் கொடுத்தேன் என்று இல்லை, கேட்ட பிறகு பயிற்சியில் என் கண் அவர்கள் மேலேயே இருந்தது. கோச் தெளிவாகப் பதில் சொன்னால், "உன் எறி செகண்டிலிருந்து பரவாயில்லை, தேர்டிலிருந்து எட்டவில்லை" என்கிற மாதிரி, நல்ல கோச். "பொறுமையாக இரு" என்று மட்டும் சொன்னால் இரண்டு வாரம் கழித்து மறுபடி கேட்கச் சொல்லுங்கள்.

மகன் பிட்ச் எறிகிறவன் என்றால் ஒரு வேலை உங்களுடையது. ஆட்டம், தனிப் பயிற்சி, வாரக் கடைசி, கொல்லைப்புறத்தில் உங்களோடு எறிவது எல்லாவற்றையும் ஒரே நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள். கோச்சிடம் அந்த நோட்டைக் காட்டுவதற்கு யாரும் தடை சொல்லமாட்டார்கள்.

இன்னொன்று, நம் ஆட்களுக்கே உரியது. வேலியோரம் நின்றுகொண்டு, "பந்தைப் பாருடா, காலை முன்னாடி வைடா" என்று தமிழில் கத்தினால் வேறு யாருக்கும் புரியாது என்று நினைக்கிறோம். கோச்சுக்கு வார்த்தை புரியாது, ஆனால் பையன் காது சிவப்பது டக்அவுட்டிலிருந்து நன்றாகத் தெரியும். என் மகன் எட்டாம் வகுப்பில் ஹெல்மெட்டைக் கழற்றி என்னைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது. அவன் கோச்சிடம் பேசப் போகிற அன்றைக்கு நீங்கள் பார்க்கிங்கில் காருக்குள்ளேயே இருங்கள்.